இருபது வளைவும் காற்றில்லாச் சக்கரமும்

சேலம் கோரிமேட்டில் வண்டியை நிறுத்தி, காரின் நான்கு டயருக்கும் 32 புள்ளி (பிஎஸ்ஐ) வைத்துக் காற்று பிடித்துக்கொண்டு ஏற்காட்டுக்கு ஏறுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். சேலம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 280 மீட்டர். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இடையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். மேலே போய்ச் சேரும்போது வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு புள்ளி குறைந்திருக்கும். வெளியே குறைந்த அளவுக்கு டயர் கூடுதலாகக் காட்டும். ஆனால் மலைமேல் குளிரும் இருக்கிறது. வெப்பம் எட்டு டிகிரி இறங்கினால் டயருக்குள் அடைபட்ட காற்றின் அழுத்தம் ஒரு புள்ளிக்குச் சற்று அதிகமாகக் குறையும். ஓட்டத்தில் டயர் சூடாவதைத் தனியே ஒதுக்கிவிட்டுக் கூட்டிக் கழித்தால், மிஞ்சுவது ஒரு புள்ளிகூட இல்லை. 1,200 மீட்டர் உயரம் ஏறியதே வண்டிக்குத் தெரியாது. தேயாத, துருப்பிடிக்காத, எடையே இல்லாத ஸ்பிரிங் என்று ஒன்று உண்டென்றால் அது டயருக்குள் இருக்கும் காற்றுதான்.

அந்தக் காற்றை எடுத்துவிட்டு வண்டி ஓட்ட முடியுமா என்று உலகின் பெரிய டயர் நிறுவனங்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக முயன்றுகொண்டிருக்கின்றன. காரணம் ஒன்றே: பஞ்சர். மிஷலின் நிறுவனம் சொல்லும் கணக்கில், பஞ்சராலும் காற்றைச் சரியாகப் பராமரிக்காததாலும் உலகெங்கும் ஆண்டுக்குச் சுமார் 20 கோடி டயர்கள் தம் ஆயுள் முடியுமுன்பே குப்பைக்குப் போகின்றன.

இந்தக் கணக்கை ஒரு மலைக்கிராமத்தில் நின்று படித்தால் அதற்கு வேறு முகம் தெரியும். ஏற்காட்டுக் கடைத்தெருவில் பஞ்சர் ஒட்டிக்கொள்ளலாம். அங்கிருந்து தலைச்சோலை போன்ற உட்கிராமங்களுக்குப் போகும் வழியில் ஒரு முள்ளோ ஆணியோ ஏறினால் அன்றைய பொழுது போயிற்று. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் ஒரு மாலை, தலைச்சோலைப் பக்கம் ஒருவர் மொபெட்டில் ஏற்றி வந்த மூட்டையை வேலியோரம் இறக்கி வைத்துவிட்டு, பின்சக்கரம் சப்பிப்போன வண்டியை மேட்டில் தள்ளிக்கொண்டிருந்தார். கூடவே தள்ளினேன். நடுவில் மூச்சு வாங்க நின்றபோது அவர் கேட்டார்: “காத்தே அடிக்க வேண்டாத டயர் வந்திருச்சுன்னு செல்போன்ல பாத்தனுங்க. நம்மளுக்கு எப்பங்க வரும்?” அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததில் தெரிந்தவற்றை, அந்த மலைச்சாலையை மனதில் வைத்துக்கொண்டே இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல். மாற்றுச் சக்கரத்தை நாம் ‘ஸ்டெப்னி’ என்கிறோம். வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில், 1904ல் டேவிஸ் சகோதரர்கள் பஞ்சரான சக்கரத்தின்மேலேயே பூட்டிக்கொள்ளக்கூடிய ஓர் உதிரிச் சக்கரத்தை விற்கத் தொடங்கினார்கள். அந்த வணிகம் மறைந்து வெகுகாலமாகிறது. தெருவின் பெயர் மட்டும் நம் ஓட்டுநர்களின் வாயில் நிலைத்துவிட்டது. மோட்டார் வண்டி பிறந்த காலத்திலிருந்தே பஞ்சரும் கூடவே வருகிறது என்பதற்கு இந்தச் சொல் சாட்சி. காரில் ஸ்டெப்னி உண்டு. இன்றைய இரண்டு சக்கர வண்டிகளில் பெரும்பாலும் அதுவும் கிடையாது. நம் நாட்டில் பதிவான வாகனங்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இரண்டு சக்கர வண்டிகள்தான் என்பதை இங்கேயே குறித்துக்கொள்வோம்; பின்னால் இது தேவைப்படும்.

காற்றில்லாச் சக்கரம் புதிய பொருளே இல்லை. நம் மாட்டுவண்டிச் சக்கரம் அதுதான். குடம், ஆரக்கால், வட்டை என்று மரத்தில் செய்து, வட்டையைச் சுற்றி இரும்புப் பட்டை பூட்டுவார்கள். பட்டையைச் சக்கரத்தைவிடச் சற்றுச் சிறியதாகவே கொல்லர் அடிப்பார். வரட்டியும் விறகும் அடுக்கிப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சினால் அது விரியும். குறட்டால் தூக்கிச் சக்கரத்தின்மேல் இறக்கித் தண்ணீர் ஊற்றினால் சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடிக்கும். ஆணி, பசை எதுவும் வேண்டாம். எந்த முள்ளும் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் அந்தப் பட்டை தரையைத் தொடும் இடம் விரல் அகலம்தான். மொத்தப் பாரமும் அங்கே குவிவதால் மண்சாலையில் தடம் வெட்டும், தார்ச்சாலையைப் பெயர்க்கும், ஒவ்வொரு கல்லின் அடியும் அச்சு வழியாக நுகத்துக்கும் மாட்டின் கழுத்துக்கும் போகும். பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநராக இருந்த என்.எஸ். ராமசாமி, 1970களிலும் 80களிலும் மாட்டுவண்டியைச் சீர்திருத்தச் சொல்லி ஓயாமல் எழுதினார், பேசினார். மாடு படும் பாட்டைக் கண்டு வருந்தியவர் அவர். நம் ஊர்களில் ‘டயர் வண்டி’ வந்ததும் அதே ஜோடி மாடு கூடுதல் பாரத்தை இழுத்தது. காற்று அடைத்த டயரும் பேரிங்கும் செய்த வேலை அது. ஆகவே காற்றை விலக்குவதைப் பற்றிப் பேசுமுன், காற்று வந்தபோது யாருடைய பாரம் குறைந்தது என்பதை மறக்கக்கூடாது.

காற்று டயரின் கதையில் இன்னும் வியப்பான ஒரு திருப்பம் உண்டு. அதைக் கண்டுபிடித்தவர் டன்லப் என்றுதான் பள்ளியில் படித்தோம். பெல்ஃபாஸ்ட் நகரின் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப் தம் மகனின் மூன்றுசக்கர சைக்கிளுக்காகச் செய்து பார்த்து, 1888ல் காப்புரிமை பெற்றார். அதற்கு 43 ஆண்டுகள் முன்பே, 1845ல், ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன் இதே கருத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அப்போது அவருக்கு வயது 23. ரப்பர் பூசிய துணிக்குழாயில் காற்றடைத்து, மேலே தோல் உறை போட்டு, 1847ல் லண்டன் ரீஜன்ட்ஸ் பூங்காவில் குதிரை வண்டிகளில் பூட்டி ஓட்டிக் காட்டினார். ஒரு தொகுதி 1,200 மைல் ஓடியது. ஆனாலும் மலிவான, தாக்குப்பிடிக்கக்கூடிய ரப்பர் அன்று இல்லை. தாம்சன் அதைக் கைவிட்டார். இருபது ஆண்டு கழித்து, 1867ல், நீராவியால் சாலையில் ஓடும் இழுவை வண்டி செய்தபோது அவர் பூட்டியது திட ரப்பர் டயர். காற்றை முதலில் உள்ளே வைத்தவரே காற்றில்லாத டயருக்குத் திரும்பிவிட்டார்.

அந்தத் திட ரப்பர் டயர் இந்தியாவுக்கும் வந்தது. இன்று நாம் மின்விசிறியில் படிக்கிற ‘கிராம்ப்டன்’ என்ற பெயருக்குரிய ஆர்.இ.பி. கிராம்ப்டன், பின்னாளில் மின்பொறியாளராகப் புகழ் பெறுமுன், இந்தியாவில் படை அதிகாரியாக இருந்தார். கவர்னர் ஜெனரல் மேயோ பிரபுவின் ஆதரவோடு தாம்சனின் இழுவை வண்டிகளை வரவழைக்க முனைந்தார். அவற்றில் ஒன்றை 1871ல் இங்கிலாந்தின் ஐப்ஸ்விச்சிலிருந்து எடின்பரோவரை ஓட்டிச் சோதித்தார். பிறகு பஞ்சாபில், ராவல்பிண்டிப் பக்கம், கிராண்ட் டிரங்க் சாலையில் இத்தகைய வண்டிகள் சுமை இழுத்தன. நிலையான போக்குவரத்தாக அது வேரூன்றவில்லை, இருப்புப்பாதை முந்திக்கொண்டது. ஆனால் காற்றில்லாத ரப்பர் டயர் நம் துணைக்கண்டத்துச் சாலையில் ஓடி ஒன்றரை நூற்றாண்டு ஆகிவிட்டது என்பதை அறிந்தபோது, ‘நாளைய தொழில்நுட்பம்’ என்ற ஆரவாரத்தை நான் சற்றுத் தள்ளியே வைத்தேன்.

திட ரப்பர் டயர் சாகவும் இல்லை. லண்டன் மாநகரப் பேருந்துகள் 1920களிலும் அதில்தான் ஓடின. சாலையிலிருந்து விலகிய பின் அது கிடங்குக்குள்ளும் துறைமுகத்துக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது. இன்று ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளில் பார்ப்பது அதுதான். இதில் உலகின் முன்னணி உற்பத்தி நாடுகளில் ஒன்று இலங்கை. 1876ல் கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொட தோட்டத்தில் நட்ட ரப்பர் கன்றுகளில் தொடங்குகிறது அந்த நாட்டின் ரப்பர் வரலாறு. அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பலர் மலையகத் தமிழர்கள். அங்கிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களுக்கு வேலை தருவதைத் தன் கடமைகளில் ஒன்றாகக் கொண்டதுதான் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நம் அரசு ரப்பர் கழகம். 1984ல் இலங்கையில் ஜினசேன குழுமமும் சொலிடீல் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய லோட்ஸ்டார், திட டயரில் உலகப் பெயர் எடுத்தது. அது சேர்ந்திருந்த காம்சோ குழுமத்தை 2018ல் மிஷலின் வாங்கியது. 2024 டிசம்பரில் காம்சோவின் சிறு கட்டுமான இயந்திர டயர்த் தொழிலை, இலங்கை ஆலைகள் இரண்டோடு, இந்தியாவின் சியட் நிறுவனம் வாங்குவதாக அறிவித்தது.

நல்ல திட டயர் மூன்று அடுக்காக இருக்கும். ரிம்மைக் கவ்வும் அடிப்பகுதி கெட்டியான ரப்பரும் எஃகுக் கம்பியும். நடுவே மெத்தென்ற ரப்பர். வெளியே தேய்மானம் தாங்கும் ரப்பர். முள்ளுக்கும் ஆணிக்கும் கண்ணாடிச் சில்லுக்கும் அஞ்ச வேண்டாம். பின் ஏன் இதையே மொபெட்டுக்கும் பிக்கப் வண்டிக்கும் போடக்கூடாது? எடை ஒரு காரணம். சூடு அதைவிடப் பெரிய காரணம். ரப்பர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி மீள்கிறது. நசுக்கக் கொடுத்த சக்தி முழுவதும் திரும்பி வருவதில்லை, மிச்சம் சூடாகிறது. ரப்பர் சூட்டை எளிதில் கடத்தாது. தடித்த ரப்பரின் நடுவே சூடு தேங்கி உள்ளுக்குள்ளேயே வெந்துபோகும். கிடங்குத் தரையில் மெல்ல ஓடி, நின்று, மறுபடி ஓடும் வண்டிக்கு இது தொல்லை இல்லை. சாலையில் விடாமல் ஓடுகிற வண்டிக்கு இதுவே எமன்.

இங்கேதான் புதிய காற்றில்லா டயர் வேறு வழியில் போகிறது. அதைப் புரிந்துகொள்ளக் காற்று எப்படிச் சுமை தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு சக்கரத்தின்மேல் 300 கிலோ இருக்கிறது, உள்ளே அழுத்தம் 32 என்றால், டயர் தரையைத் தொடும் இடம் சுமார் 130 சதுர சென்டிமீட்டர். விரல்களை விரித்து வைத்த கை அளவு. சுமை கூடினால் டயர் இன்னும் கொஞ்சம் சப்பி, தொடும் பரப்பைத் தானே கூட்டிக்கொள்ளும். ஒரு கல் குறுக்கே வந்தால் அந்த இடம் மட்டும் குழிந்து கல்லை விழுங்கிவிடும். அடி, உள்ளிருக்கும் காற்று முழுவதிலும் பரவிக் கரைந்துவிடும். சுமை கீழிருந்து முட்டுக்கொடுத்துத் தாங்கப்படுவதில்லை. காற்றால் விறைத்து நிற்கும் டயர்ச் சுவரின் நூல்களில் ரிம் தொங்கிக்கொண்டிருக்கிறது.

2005 ஜனவரியில் டெட்ராய்ட் கார் கண்காட்சியில் மிஷலின் காட்டிய ‘ட்வீல்’ இந்தத் தொங்கலைத்தான் காற்றில்லாமல் செய்து காட்டியது. டயரும் சக்கரமும் ஒன்றாக வார்த்த அமைப்பு. நடுவே குடம், வெளியே ரப்பர் பட்டன், அதன் உள்பக்கம் விறைப்பான ஒரு வளையம், வளையத்தையும் குடத்தையும் இணைக்கும் பாலியூரித்தேன் ஆரக்கால்கள். தரையைத் தொடும் பக்கத்து ஆரக்கால்கள் வளைந்து கொடுத்துவிடும். மேல்பக்கத்து ஆரக்கால்கள் இழுபட்டு அச்சைத் தூக்கிப் பிடிக்கும். மாட்டுவண்டியில் அச்சு, கீழே இருக்கும் ஆரக்காலின்மேல் நிற்கிறது. ட்வீலில் அச்சு, மேலே இருக்கும் ஆரக்கால்களிலிருந்து தொங்குகிறது. இந்த இரண்டு சக்கரங்களும் பார்க்க ஒரே சாயல். உள்ளே நடப்பது நேர் எதிர். இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்த கருத்து இதுதான்.

கார் வேகத்தில் ட்வீல் தோற்றது. மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டினால் ஆரக்கால்கள் ஒவ்வொன்றாக மடங்கி நிமிர்வது அதிர்வாகவும் இரைச்சலாகவும் மாறியது. எனவே அதை மெதுவாக ஓடும் வண்டிகளுக்குத் திருப்பினார்கள். கட்டட வேலை நடக்கும் இடங்களில் சின்னதாய்ச் சுழன்று வேலை செய்யும் பாப்கேட், புல்வெட்டும் வண்டி, பண்ணை வண்டி. 2014 நவம்பரில் அமெரிக்காவின் தென்கரோலினாவில் இதற்கென்றே ஓர் ஆலை திறந்தார்கள். காற்றில்லா டயர் ‘வரப்போகிறது’ என்று சொல்பவர்கள், இந்த இடங்களில் அது ஏற்கெனவே வந்துவிட்டதைக் கவனிப்பதில்லை.

நிலாவைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். 1971–72ல் அப்பல்லோ 15, 16, 17 பயணங்களில் போன ஊர்திக்கு, துத்தநாகம் பூசிய எஃகுக் கம்பியால் பின்னிய வலைச் சக்கரமும் டைட்டானியப் பட்டைகளும் இருந்தன. அருமையான பொறியியல். ஆனால் மூன்று ஊர்திகளும் சேர்ந்து ஓடிய தொலைவு சுமார் 90 கிலோமீட்டர்தான். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு மூன்று முறை ஏறினால் முடிந்துவிடும். மலையில் காய்கறி ஏற்றும் பிக்கப் வண்டி அதை இரண்டு நாளில் கடந்துவிடும். 2023 ஆகஸ்டில் நம் பிரக்யான் ஊர்தி நிலாவில் உருண்டதும் உலோகச் சக்கரத்தில்தான். இன்னொன்று: அதே 1971ல் அப்பல்லோ 14 வீரர்கள் இழுத்துச் சென்ற கைவண்டியில் நைட்ரஜன் அடைத்த ரப்பர் டயர்கள் இருந்தன. நிலாவில்கூடக் காற்று டயர் உருண்டிருக்கிறது!

2019 ஜூனில் மிஷலினும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து ‘அப்டிஸ்’ என்ற கார் டயரை அறிவித்தன. இதில் ஆரக்கால்கள் ரப்பரும் கண்ணாடியிழை கலந்த பிசினும் சேர்ந்தவை. 2024க்குள் விற்பனைக்கு வரும் என்று அன்று சொன்னார்கள். அந்த ஆண்டு கடந்துவிட்டது. கடையில் கேட்டு வாங்கும் நிலைமை வரவில்லை. ஆனால் சோதனை நின்றுவிடவில்லை. 2023ல் சிங்கப்பூரில் டிஎச்எல் கூரியர் வேன்களிலும், பிறகு பிரான்சின் வடகோடியில் அஞ்சல் துறை வேன்களிலும் பூட்டினார்கள். குட்இயர் நிறுவனம் 2021ல் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் ஓட்டுநரில்லாச் சிற்றுந்தில் சோதித்தது. பிரிட்ஜ்ஸ்டோன் 2011 டோக்கியோ கண்காட்சியில் தொடங்கி, 2024ல் டோக்கியோவை அடுத்த கொடைராவில் சாலைக்கு வந்தது.

இந்த நான்கு இடங்களையும் வரைபடத்தில் பாருங்கள். சிங்கப்பூர், ஜாக்சன்வில், வடபிரான்ஸ், கொடைரா. நான்கும் பெரும்பாலும் சமதரை. நல்ல சாலை. தினமும் ஒரே கிடங்குக்குத் திரும்பும் வண்டிகள். சோதிப்பவர்கள் எளிய இடத்திலிருந்து தொடங்குவது இயல்பு; அதில் குற்றம் காண முடியாது. ஆனால் பஞ்சரானால் நான்கு மைல் தள்ள வேண்டிய மனிதர் அந்த நான்கு இடங்களிலும் இல்லை. யாருக்கு இந்த டயர் அதிகம் தேவையோ, அவருடைய சாலையில் அது இன்னும் கால் வைக்கவில்லை.

அந்தச் சாலை என்ன கேட்கும்?

முதலில் இறக்கம். மலை இறங்கும் இரண்டு டன் வண்டி 1,200 மீட்டர் உயரத்தை இழக்கிறது. பள்ளிக்கூட இயற்பியலில் கணக்குப் போட்டால், அது சுமார் 70 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமான சக்தி. இதில் ஒரு பகுதியை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். அதனால்தான் ‘எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு’ என்று பழகிய ஓட்டுநர்கள் சொல்கிறார்கள். மீதியில் பெரும்பங்கு பிரேக்கில் சூடாகிறது. பிரேக் இருப்பது சக்கரத்தின் குடத்தருகே. காற்று டயரில் குடத்துக்கும் ரப்பருக்கும் நடுவே ரிம்மும் காற்றும் இருக்கின்றன. காற்றில்லா டயரில் ஆரக்கால்களின் அடி குடத்தோடு ஒட்டி நிற்கிறது. சூடான இடத்தில்தான் அது இறுகப் பிடித்திருக்க வேண்டும். பாலியூரித்தேன் சூட்டில் இளகக்கூடிய பொருள். கண்ணாடியிழைக் கலவை அதைவிடத் தாங்கும். ஆரக்கால்களுக்கு நடுவே காற்று புகுந்து ஓடுவது உதவியாகவும் இருக்கலாம். சமதரையில் இதற்கு விடை கிடைக்காது.

அடுத்தது வளைவு. பத்து மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், வண்டி எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பக்கவாட்டில் இழுக்கும். இங்கே காற்றில்லா டயருக்கு ஒரு நன்மை உண்டு. பக்கவாட்டு விறைப்பை மட்டும் தனியே கூட்டி வடிவமைக்க அதில் முடியும். காற்று டயரில் பக்கவாட்டு விறைப்பைக் கூட்டினால் மேல்கீழ் விறைப்பும் கூடும். ஆனால் வளைவு வேறொன்றையும் செய்கிறது: ரப்பரைத் தேய்க்கிறது. மலையில் ஓடும் வண்டியின் டயர் பஞ்சரால் சாவதைவிட, பட்டன் தேய்ந்து மொட்டையாகிச் சாவதுதான் அதிகம். காற்றில்லா டயரிலும் தரையைத் தொடுவது ரப்பர்தான், அதுவும் தேயும். தேய்ந்ததும் சக்கரத்தோடு மொத்தத்தையும் தூக்கி எறிய வேண்டுமென்றால் யாருக்கும் கட்டுபடியாகாது. மேல் ரப்பரை மட்டும் உரித்து மறுபடி ஒட்ட முடிய வேண்டும். நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்களுக்கு ரீட்ரெடிங் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. இந்த டயருக்கு மலைச்சாலையில் எதிர்காலம் உண்டா என்பதைப் பஞ்சர் தீர்மானிக்காது, ரீட்ரெடிங்தான் தீர்மானிக்கும் என்று நான் நினைக்கிறேன்.

மண்ணையும் சொல்ல வேண்டும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை பாக்சைட் மலை; மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் பல ஆண்டுகள் தாது போனது இங்கிருந்துதான். மழைக்காலத்தில் அந்தச் செம்மண் குழைந்து பிடித்தால் செருப்பையே இழுத்துக்கொள்ளும். பக்கம் திறந்த ஆரக்கால்களுக்கு நடுவே அந்தச் சேறும் சில்வர் ஓக் சருகும் சரளைக் கல்லும் புகுந்து காய்ந்தால், சக்கரத்தின் சமநிலை கெடும். பக்கத்தை மூடிவிட்டால் சூடு வெளியேறாது. சூட்டுக்குத் திறக்க வேண்டும், சேற்றுக்கு மூட வேண்டும்.

இனி இரண்டு சக்கர வண்டி. கார் டயரின் அடி தட்டையானது. மொபெட்டும் பைக்கும் வளைவில் சாயும். அதற்கு உருண்டையான டயர் வேண்டும். எந்தச் சாய்விலும் ஒரே மாதிரி வளைந்து கொடுக்கும் ஆரக்காலைச் செய்வது காருக்குச் செய்வதைவிடக் கடினம், சக்கரமோ ஒடுக்கமானது. பாலைவனப் பந்தய பைக்குகளில் டியூபுக்குப் பதிலாக நுரை ரப்பர் வளையம் திணிப்பார்கள். பந்தயம் முடிவதற்குள் அது உழைத்துத் தீர்ந்துவிடும். சைக்கிளில் முன்னேற்றம் உண்டு. 2016ல் ஷாங்காயில் தொடங்கிய மோபைக் வாடகை சைக்கிள்கள் காற்றில்லா டயரோடுதான் வந்தன. மிதிக்கக் கனமாக இருக்கிறது என்பது பரவலான குறையாக இருந்தது. பிரிட்ஜ்ஸ்டோன் 2017ல் ஆரக்கால் முறையிலேயே சைக்கிள் சக்கரம் காட்டியது. நம் நாட்டில் நான்கில் மூன்று வண்டி இரண்டு சக்கரம். உலக ஆராய்ச்சிப் பணத்தின் பெரும்பகுதியோ நான்கு சக்கரத்துக்குப் போகிறது. மொபெட்டைத் தள்ளிய அந்த மனிதருக்குச் சொல்ல வேண்டிய பதிலில் மிகவும் கசப்பான பகுதி இதுதான்.

தொழில்நுட்பம் சரியாக அமைந்தாலும் போதாது. மிஷலினே இதற்குப் பாடம் படித்திருக்கிறது. 1990களின் இறுதியில் ‘பேக்ஸ்’ என்ற ஒரு டயர் முறையை அது கொண்டுவந்தது. உள்ளே ஒரு தாங்கு வளையம். காற்று போனாலும் வண்டி ஓடும். அமெரிக்காவில் சில ஹோண்டா கார்களில் அது தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்தது. சாலையில் அது தோற்கவில்லை. ஆனால் தேய்ந்த டயரைக் கழற்றி மாற்றத் தனி இயந்திரம் வேண்டும், அந்த இயந்திரம் வைத்திருந்த பட்டறைகள் சொற்பம். பத்தே ஆண்டில் கைவிடப்பட்டது. அமெரிக்க நகரங்களிலேயே இப்படி என்றால், ஒரு தண்ணீர்த் தொட்டி, டயர் லிவர், சொல்யூஷன், கம்ப்ரஸர் மட்டும் வைத்துக்கொண்டு ஊருக்கே ஒத்தாசையாக இருக்கும் நம் பஞ்சர் கடைகளை விட்டுவிட்டு எந்தப் புதிய டயரும் மலையேற முடியாது. ஆரக்கால் வெடித்தால் கண்டுபிடிப்பது, மேல் ரப்பரை மாற்றுவது, குடத்தைக் கழற்றிப் பூட்டுவது ஆகியவற்றை அந்தக் கடைக்காரரே செய்யும்படி வடிவமைக்க வேண்டும். அவர் பிழைப்பைப் பறிக்கும் டயரை நான் வேண்ட மாட்டேன்.

சட்டமும் காற்றைச் சுற்றியே எழுதப்பட்டிருக்கிறது. டயர்களுக்கு இந்தியத் தரமுத்திரையைக் கட்டாயமாக்கிய 2009 ஆணையின் பெயரே காற்றடைத்த டயர்களுக்கும் டியூப்களுக்குமான தரக் கட்டுப்பாட்டு ஆணை. 2020ல் மத்திய அரசு விதியைத் திருத்தி, டியூப்லெஸ் டயரும் காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் உள்ள கார்கள் ஸ்டெப்னி வைத்திருக்கத் தேவையில்லை என்றது. அங்கும் அளவுகோல் காற்றழுத்தம்தான். காற்றே இல்லாத டயரை எந்த அளவுகோலால் சோதிப்பது என்பதை இங்கே யாராவது முதலில் எழுதியாக வேண்டும். 2022ல் பழைய டயர்களைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைத்த விதியும் வந்திருக்கிறது. ரப்பரும் பாலியூரித்தேனும் கண்ணாடியிழையும் பிரிக்க முடியாமல் ஒட்டிய சக்கரம் அந்த விதிக்குப் புதிய தலைவலி.

இதையெல்லாம் செய்ய நம்மால் ஆகாதா? எம்ஆர்எஃப் 1946ல் திருவொற்றியூரில் குழந்தைகளின் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய நிறுவனம். இன்று ஒரகடத்தில் அப்பல்லோ, காஞ்சிபுரம் மாவட்டத்தில் சியட், ஸ்ரீபெரும்புதூரில் ஜேகே, தேர்வாய்கண்டிகையில் மிஷலின், மதுரையில் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா, கங்கைகொண்டானில் யோகோகாமா என்று தமிழ்நாடு முழுக்க டயர் ஆலைகள். ட்வீலைக் கண்டுபிடித்த நிறுவனத்துக்கே இங்கே ஆலை இருக்கிறது. ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையமும் சோதனைத் தடங்களும் உண்டு. இரண்டு சக்கர டயரில் டிவிஎஸ் ஸ்ரீசக்ராவுக்கு நாற்பதாண்டு அனுபவம். இல்லாதது மலை ஒன்றுதான். அது சேலத்துக்கு வடக்கே நிற்கிறது.

எனவே அந்த மனிதருக்கு என் பதில் இப்படி அமையும்: ஐயா, உங்கள் வண்டிக்கு அது சீக்கிரம் வராது. முதலில் எஸ்டேட்டுக்குள்ளேயே ஓடும் தள்ளுவண்டிக்கும் மருத்துவமனைச் சக்கர நாற்காலிக்கும் குப்பை வண்டிக்கும் வரலாம். மெதுவாக ஓடுவதால் அங்கே சூட்டுத் தொல்லை குறைவு, இன்றைய தொழில்நுட்பமே போதும். பிறகு சரக்கேற்றும் மின்சார மூன்று சக்கர வண்டி. அதன் பிறகுதான் பிக்கப்பும் மொபெட்டும். அதற்குள் உங்களுக்கு ஆகக்கூடியது டியூப்லெஸ் டயர். ஆணி ஏறினாலும் காற்று மெல்ல இறங்கும், கடைவரை போய்ச் சேர்ந்துவிடலாம்.

நிறுவனங்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. ஒரு வண்டியை ஐப்பசி மழையில் தொடங்கி, காப்பி அறுவடை முடிந்து கோடைவிழாக் கூட்டம் இறங்கும்வரை இந்த மலையில் ஓட விடுங்கள். தலைச்சோலை மண்பாதையில் மூட்டையோடு போகட்டும். இன்னொரு மலைப்பாதையான குப்பனூர் வழியிலும் இறங்கட்டும். ஓட்டுநராக உள்ளூர் ஆளை வையுங்கள். ஒவ்வொரு முறையும் இருபதாவது வளைவிலிருந்து முதல் வளைவுவரை முழுப் பாரத்தோடு இறங்கி அடிவாரத்தில் நிறுத்தியதும், வேறு எந்தக் கருவியையும் எடுக்குமுன், குடத்தருகே ஆரக்கால் ஒட்டியிருக்கும் இடத்தில் எவ்வளவு சூடு என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.